இரண்டே இருக்கை உள்ள சிவப்புக் கார்

ஐம்பத்தாறு வயதில் எனக்கு ஒரு சிவப்புக் காரின் மேல் ஆசை வந்தது. அதுவும் எப்படிப்பட்ட கார்? இரண்டு கதவு, இரண்டே இருக்கை, தலைக்கு மேல் தகரம் கிடையாது, மடக்கி வைக்கிற கறுப்புத் துணிதான். பள்ளத்தில் இறங்குகிற மாதிரி இறங்கித்தான் உட்கார வேண்டும். என்னைப் போல முட்டிவலிக்காரன் உட்கார்ந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும். போதாக்குறைக்கு முப்பது வருஷத்துக்கும் மேலான பழைய வண்டி, இரண்டு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிக் களைத்தது. புத்தியுள்ளவன் பக்கத்தில் போவானா? நான் போனேன்.

பழைய வண்டி விற்கிறவர்கள் போடும் விளம்பரங்களைச் செல்போனில் சும்மா தள்ளிக்கொண்டிருந்தேன். அதன் படம் வந்தது. திண்டிவனம், ஒரே ஓனர், டாக்டர் ஓட்டிய வண்டி என்று போட்டிருந்தது. தள்ளிய விரல் அப்படியே நின்றுவிட்டது. அந்த வண்டியை எனக்குத் தெரியும்.

என்னுடைய முதல் வேலை திண்டிவனத்தில். இருபத்து நாலு வயது. தினமும் காலையில் விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி ஆபீசுக்கு நடப்பேன். அந்த நேரத்துக்கு இந்தக் கார் எதிரே வரும். அப்போது புத்தம் புதுசு. வெயிலில் பார்த்தால் கண் கூசும். ஒருநாள் பெட்ரோல் பங்க்கில் நின்றுகொண்டிருந்தது. டாக்டர் உள்ளே பில் போடப் போயிருந்தார் போல. நான் கிட்டே போய் பானெட்டை ஒரு விரலால் தொட்டேன். சூடாக இருந்தது. பெட்ரோல் போடுகிற ஆள் கத்தினான்: “யோவ், கைய எடுய்யா. யாரு வண்டின்னு தெரியுமா?”

எடுத்துவிட்டேன். இத்தனைக்கும் இஸ்திரி போட்ட சட்டை, பையில் அரசாங்க அடையாள அட்டை. நானும் ஒரு இன்ஜினீயர்தான் ஐயா என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அதை அன்றைக்கே மறந்துவிட்டேன் என்றுதான் முப்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். செல்போனில் அந்தப் படத்தைப் பார்த்தபோதுதான், மறக்கவே இல்லை என்று தெரிந்தது.

மனைவியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“பின்னால சீட்டே காணமே. பொண்ணு வந்தா டிக்கியில போட்டுக்கினு போவீங்களா?”

“நீயும் நானும் போனா போதாதா?”

“நான் வர்ல சாமி. இந்த வயசுல செவப்புக் கார்ல முடி பறக்கப் போனா ஊரு சிரிக்கும்.” அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் இறங்கி வந்தாள். “உங்க அண்ணனக் கூட்டிக்கினு போயி காட்டுங்க. அவரு சரின்னா வாங்குங்க. வேணாம்னா வாய மூடிக்கினு வந்துடணும்.”

என் அண்ணன் என்னைவிட மூன்று வயது பெரியவன். விக்கிரவாண்டியில் ரோட்டோரமாக மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறான். எனக்காகப் படிப்பை விட்டான், என்னைப் படிக்க வைத்தான் என்றெல்லாம் எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பொய். அவனுக்குப் படிப்பு ஏறவில்லை. எட்டாவதில் பெயில் ஆன அன்றைக்கே சந்தோஷமாக ஷெட்டுக்குப் போய்விட்டான். நான் படித்தேன், அரசாங்க வேலைக்கு வந்தேன். அவ்வளவுதான் வித்தியாசம். விழுப்புரத்தை அடுத்த காணைக்குப் பக்கத்தில், ஊரை விட்டுத் தள்ளி இருக்கிற காலனியில் ஒரே கூரை வீட்டில் பிறந்தவர்கள் நாங்கள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டும் கரும்பு வெட்டியும் எங்களை வளர்த்தார்கள். இதைச் சொல்ல எனக்கு இப்போது கூச்சம் இல்லை. ஆனால் எழுதுவது சுலபம். நேரில் ஒருவர் கேட்கும்போது சொல்ல வேண்டுமே, அங்கேதான் நான் மாட்டிக்கொள்வேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விழுப்புரத்தில் நான் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தபோது ஆபீசிலிருந்து பெரிய அதிகாரிகள் வந்திருந்தார்கள். அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தியில் பிரியாணி பரிமாறுவதைக் கவனித்துக்கொண்டிருந்தான். ஒரு அதிகாரி அவனைக் கைதட்டிக் கூப்பிட்டு, “யப்பா, இங்க ஒரு தண்ணி பாட்டில்” என்றார். சமையல்காரர் கூட வந்த ஆள் என்று நினைத்துவிட்டார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவன் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். நான் இலையைப் பார்த்துச் சாப்பிட்டேன். அதனால் இனி நான் சொல்லப்போகிற திண்டிவனத்துச் சம்பவம் ஏதோ அன்றைக்கு மட்டும் நாக்கு குழறி வந்த வார்த்தை என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

ஒரு சனிக்கிழமை காலையில் ஷெட்டுக்குப் போய் அவனை என் காரில் ஏற்றிக்கொண்டேன். ஏறுவதற்கு முன்னால் பழைய பேப்பரை எடுத்து சீட்டில் விரித்துவிட்டுத்தான் உட்கார்ந்தான். காக்கிச் சட்டை முழுக்க கிரீஸ்.

“டேய், செவப்புக் காராமே. எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா இன்னா? ஒம் பொண்டாட்டி சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டியிருக்குது.”

“பாத்துட்டு சொல்லலாம்னு இருந்தேண்ணா.”

“ரெண்டு லட்சத்து எம்பதாயிரம் ஓடியிருக்குதா? ஆத்தாடி! அது வண்டியா, தேரா?” என்று சிரித்தான். ஆனால் டோல்கேட் தாண்டும் வரை அந்த வண்டியைப் பற்றியேதான் கேட்டுக்கொண்டு வந்தான். அவனுக்கும் கை அரித்தது, தெரிந்தது.

டாக்டர் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவருடைய மனைவிதான் வண்டியை விற்கிறார். அறுபத்தைந்து வயசுக்கு மேல் இருக்கும். பிள்ளைகள் வெளிநாட்டில். பெரிய வீடு, முன்னால் போர்ட்டிகோ, அதன் நிழலில் தார்ப்பாய் மூடிய வண்டி. வேலைக்காரர் யாரும் இல்லை. அவரே வந்து கேட்டைத் திறந்தார்.

“வாங்க சார், வாங்க. விழுப்புரத்துலேர்ந்து வர்றீங்களா? பூர்வீகமும் அதேதானா?”

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்று எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும். எந்த ஊர் என்பார்கள். ஊரைச் சொன்னால், அங்கே எந்தத் தெரு என்பார்கள். தெருவைச் சொன்னால் முகம் மாறும், அல்லது மாறாத மாதிரி காட்டிக்கொள்வார்கள். இரண்டாவதுதான் எனக்குத் தாங்காது.

“ஆமாங்க. விழுப்புரம் டவுனேதான்” என்றேன்.

“டவுன்ல எந்தப் பக்கம்?”

இப்போது குடியிருக்கும் நகரின் பெயரைச் சொன்னேன்.

“அது புதுசா வந்த நகராச்சே. அதுக்கு முன்ன?”

 என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ ஒரு தெருப்பெயர் வாயில் வந்தது. நான் ஒருநாளும் குடியிருக்காத தெரு. அப்போது அவர் பார்வை எனக்குப் பின்னால் போனது. அண்ணன் செருப்பை கேட்டுக்கு வெளியிலேயே கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

“இவரு மெக்கானிக்கா?” என்று கேட்டார்.

“ஆமாங்க” என்றேன்.

அவ்வளவுதான். ஒரே ஒரு வார்த்தை. யாரையும் அடிக்கவில்லை, வையவில்லை. அவன் மெக்கானிக்தானே, பொய்யா சொன்னேன்? ஆனால் சொல்லி முடித்த அந்த நொடியில் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. திரும்பி அவன் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. பார்க்க அவசியமும் ஏற்படவில்லை. அவனே பேசினான்.

“வணக்கம்மா. சார் சொன்னாரு, வண்டியப் பாக்கணும்னு. தார்ப்பாய எடுக்கட்டுங்களா?”

சார்! என் கூடப் பிறந்தவன் என்னைச் சார் என்றான். கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. நான் கீழே போட்டதை அவன் குனிந்து எடுத்து என் கையிலேயே கொடுத்துவிட்டான்.

நாள் முழுக்க சார் சார் என்று கேட்கிற காதுதான் இது. ஆபீசில் யாராவது சார் போடாமல் பேசினால் சுருக்கென்று இருக்கும் எனக்கு. அன்றைக்கு அந்த ஒரு சாரைக் கேட்டு மூச்சு முட்டியது.

அவன் வேலையை ஆரம்பித்தான். வேலையில் அவன் வேறு ஆள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். விரல் மடக்கித் தட்டித் தட்டி, எங்கே பட்டி பூசி மறைத்திருக்கிறது என்று சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்தான். ஸ்டார்ட் செய்யச் சொல்லி, நீளமான ஸ்குரூடிரைவரின் ஒரு முனையை இன்ஜின் மேல் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றான். சைலன்சர் வாயில் வெள்ளைத் துணியைப் பிடித்துப் புகையைப் பார்த்தான். தரையில் மல்லாந்து படுத்து வண்டிக்குக் கீழே போனான். வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களில் குதிகால் வெடிப்பு தெரிந்தது. அதே வெடிப்பு எனக்கும் உண்டு. நான் சாக்ஸ் போட்டிருந்தேன்.

டாக்டர் வீட்டு அம்மா காபி கொண்டுவந்தார். என்னை உள்ளே உட்காரச் சொல்லி ஒரு கப்பை டீப்பாயில் வைத்தார். இன்னொரு கப்பை வெளியே கொண்டுபோனார். நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு கப்பும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். ஒரே மாதிரிதான். நீலப் பூப் போட்ட பீங்கான் கப். எனக்கு நிம்மதியாக இருந்தது. யாருக்காக நிம்மதி என்று இன்றுவரைக்கும் தெரியவில்லை.

“உள்ள வந்து குடிங்களேன்” என்று அவர் கூப்பிட்டது கேட்டது.

“இருக்கட்டும்மா. கையெல்லாம் கிரீஸு.”

வெயிலில் நின்றபடியே குடித்தான். குடித்துவிட்டு, தோட்டத்துக் குழாயில் கப்பைக் கழுவி, மதில் மேல் கவிழ்த்து வைத்தான். எங்கள் அப்பா காலத்தில் கூலிக்குப் போன வீடுகளில் அப்படித்தான் செய்ய வேண்டும். யாரும் சொல்லாமலே அவன் செய்தான். “ஐயோ, எதுக்குக் கழுவுறீங்க, அப்படியே வைங்க” என்று அம்மா பதறினார். நான் என் கப்பை டீப்பாயிலேயே விட்டேன். அடியில் கொஞ்சம் காபி மிச்சம் வைத்துவிட்டேன். அவன் கழுவிவைத்ததால் எங்கள் குட்டு உடைந்துவிடுமோ என்று அவன் மேல் கோபம்கூட வந்தது. சீ, என்ன ஜென்மம்!

ஓட்டிப் பார்க்கலாம் என்றார் அம்மா. இரண்டு பேர்தான் உட்கார முடியும் என்பதால் நாங்கள் இரண்டு பேரும் போனோம். அவன் ஓட்டினான். சீட்டில் விரிக்கப் பேப்பர் இல்லாததால், காக்கிச் சட்டையைக் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். ஊரைத் தாண்டி மரக்காணம் ரோட்டில் திரும்பியதும் துணிக்கூரையை மடக்கினோம். காற்று முகத்தில் அறைந்தது.

“டேய்!” என்று கத்தினான். “இன்னா வண்டிடா இது! கியர் போடறது வெண்ணெய் மாதிரி இருக்குது பாரு. மூணு லட்சம் ஓடியிருந்தா இன்னா? ஓட்னவன் ஒழுங்கா ஓட்டியிருக்கான். சும்மா நிறுத்தி வெச்சிருந்தாத்தான் பேஜாரு.”

டேய் என்று அவன் சொன்னதும் எனக்கு உயிர் வந்தது. மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவன் ஹாரன் அடித்துக் கை ஆட்டினான். கிழவன்கள் இரண்டு பேர் சிவப்புக் காரில் பல்லை இளித்துக்கொண்டு போனதைப் பார்த்து அவர்களும் சிரித்தார்கள். நானும் வாய்விட்டுச் சிரித்தேன். கேட்டில் நடந்ததை அரை மணி நேரம் மறந்தே போனேன்.

“ஆனா ஒண்ணுடா” என்றான். “அடித்தகடு துருப் புடிச்சிருக்குது. மாத்தணும். கிளட்ச் இன்னும் ஒரு வருசம் தாங்கும். ஸ்பேர் எங்கியும் கெடைக்காது. பாண்டியில ஒரு லேத்துக்காரன் எனக்குத் தெரிஞ்சவன் இருக்கான். அவங்கிட்ட சொல்லிச் செஞ்சிக்கலாம். வேற எந்த மெக்கானிக்கும் இத தொட மாட்டான்.”

“அப்ப வாங்கலாமா வேணாமா?”

“நான் இருக்கேன் இல்ல? நான் இருக்கற வரைக்கும் ஓடும். வாங்கு.”

அப்போது சொல்லியிருக்கலாம். அண்ணா, தப்பு பண்ணிட்டேண்ணா என்று. வண்டியில் வேறு யாரும் இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவனே ஆரம்பித்தான்.

“மெக்கானிக்குன்னு சொன்ன பாரு, நல்ல வேல பண்ண. அண்ணன் தம்பின்னு தெரிஞ்சா அந்தம்மா வெலய எறக்காது. நான் வெளியாளு மாதிரி நின்னு பேசறேன், நீ கம்முனு இரு.”

“அதுக்குத்தாண்ணா சொன்னேன்” என்றேன்.

அதுக்குத்தான் சொன்னேனாம்! எனக்கு வெட்கம் வரக்கூடாது என்று அவனே ஒரு காரணத்தைத் தேடிப் பிடித்து நீட்டினான். நானும் கூச்சநாச்சமே இல்லாமல் வாங்கிப் போட்டுக்கொண்டேன். வண்டி கேட்டுக்குள் நுழைந்ததும் அவன் மறுபடி “எறங்குங்க சார்” என்று என் பக்கக் கதவைத் திறந்துவிட்டான்.

யோசித்துச் சொல்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். வண்டிப் பேப்பர்களை எல்லாம் உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். அந்த நேரத்தில் அவரும் அண்ணனும் வெளியே ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் போன் செய்தார். நான் ஆபீசிலிருந்து அப்போதுதான் வந்திருந்தேன்.

“சார், ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க.”

“சொல்லுங்கம்மா.”

“இந்த வண்டியப் பாக்க ஏழெட்டுப் பேர் வந்துட்டாங்க. வர்றவங்க கூட ஒரு மெக்கானிக் வருவாரு. வண்டி நல்லா இருக்குதுன்னு அவரு சொன்னா, விக்கறவங்க அவருக்கு ஒரு கமிஷன் குடுக்கணும். அது வழக்கமாமே. எனக்குத் தெரியாது, அவங்களே கேட்டு வாங்கிக்கறாங்க. அன்னிக்கு நீங்க உள்ள இருந்தப்ப உங்க மெக்கானிக்கிட்ட நானா போயி சொன்னேன். வேணாம்ட்டாரு.”

“அப்படிங்களா.”

“வேணாம்னதோட இல்ல. அடித்தகடு துருன்னு சொல்லி வெலயக் கொறைங்கன்னு என்கிட்ட ஒரே சண்ட. ஏம்ப்பா, அவருக்காக நீ ஏன் இவ்ளோ பேசறேன்னு கேட்டேன். அவரு எனக்குத் தம்பி மாதிரிம்மா, அவரு காரியத்துல நான் காசு பாக்க முடியாதுன்னாரு.”

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன். 

“மாதிரிதானா சார்?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் குத்தல் எதுவும் இல்லை. சாதாரணமாகத்தான் கேட்டார்.

“இல்லிங்க” என்றேன். “அண்ணன். கூடப் பொறந்தவரு.”

“நெனச்சேன். கமிஷன் வேணாம்னு சொல்ற மெக்கானிக் எங்கியாவது உண்டா? அதுவுமில்லாம காது ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தான் இருக்குது.” என்றார். “சொல்லியிருந்தீங்கன்னா உள்ள உக்கார வெச்சிருப்பேனே சார். பாவம், வெய்யில்லயே நின்னு காபி குடிச்சாரு.”

ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். “வேற ஒருத்தரும் வண்டி கேக்கறாரு. ஞாயித்துக்கிழம வந்து வேணுமா வேணாமான்னு சொல்லிடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

அவர் நல்லவரோ கெட்டவரோ, எனக்குத் தெரியாது. முதலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் முகம் மாறியிருக்குமா, மாறியிருக்காதா, அதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள நான் விடவில்லை. எந்த முகத்துக்குப் பயந்து அண்ணனை மறைத்தேனோ, அந்த முகத்துக்கே அவன் யார் என்று தெரிந்துவிட்டது. அவர் பார்த்தது எங்கள் சாதியை அல்ல. கூடப் பிறந்தவனை வாசலில் நிறுத்தி வைத்த ஒருவனைப் பார்த்துவிட்டார். மானம் போச்சு என்பார்களே, அது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

வண்டியே வேண்டாம் என்று இரண்டு நாள் நினைத்தேன். வாங்கினால் ஒவ்வொரு தடவை சாவி போடும்போதும் அந்தக் காபிக் கப் ஞாபகம் வரும். வாங்காவிட்டால் அண்ணன் விட மாட்டான். அவன் இரண்டு நாளாகப் பாண்டி லேத்துக்காரனிடம் பேசிக்கொண்டிருக்கிறான். கடைசியில் ஒன்று முடிவு செய்தேன். வாங்குவதாக இருந்தால் முதலில் அந்த வீட்டு வாசலில் நின்று, அவன் காதில் விழும்படி, இவன் என் அண்ணன் என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் வண்டி. அதைச் சொல்ல முடியாதவனுக்கு வண்டி ஒரு கேடா?

ஆனால் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்பதை அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் மற்றதையும் பேச வேண்டிவரும். இதையும் கோழைத்தனத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்குப் போனபோது ஆளே மாறியிருந்தான். தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, புது வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி. எங்கள் குடும்பத்தில் யாருக்காவது கல்யாணம் என்றால்தான் அந்தக் கோலத்தில் பார்க்கலாம். சீட்டில் பேப்பர் விரிக்காமல் உட்கார்ந்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்படியே வாசலில் போய் நின்றால் நான் சொல்வது இன்னும் சுலபம் என்று நினைத்தேன்.

திண்டிவனத்துக்குள் நுழைந்ததும் பையைத் திறந்தான். மடித்து வைத்திருந்த காக்கிச் சட்டையை எடுத்து வெள்ளைச் சட்டைக்கு மேலே மாட்டினான். வேட்டியையும் முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டான்.

“எதுக்குண்ணா அது?”

“வெள்ளயும் சொள்ளயுமா போய் நின்னா அந்தம்மா சந்தேகப்படும்டா. மெக்கானிக்குன்னு சொல்லியிருக்க இல்ல?”

“வேணாண்ணா. கழட்டு.”

“கம்முனு ரோட்டப் பாத்து ஓட்டு” என்றான். அப்புறம் கண்ணாடியில் காலரைச் சரிசெய்துகொண்டான்.

அம்மா போர்ட்டிகோவில் காத்திருந்தார். மூன்று நாற்காலி போட்டிருந்தார். ஸ்டூலின் மேல் தட்டில் மூன்று கப், அதே நீலப் பூ. பக்கத்தில் வண்டிச் சாவி. தார்ப்பாயை எடுத்துத் துடைத்து வைத்திருந்தார். அண்ணன் வழக்கம் போலச் செருப்பை வெளியே விட்டுவிட்டுப் படிக்குக் கீழேயே நின்றுகொண்டான்.

“மேல வந்து உக்காருங்க” என்றார் அம்மா, அவனைப் பார்த்து.

“இருக்கட்டும்மா. சார் உக்காரட்டும். நான் டயர்ல காத்து பாக்கறேன்.”

நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். வேண்டும் என்றே கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

“அம்மா, அன்னிக்கு நான் சரியா சொல்லல. இவரு என் அண்ணன். அண்ணா, மேல வா. வந்து பக்கத்துல உக்காரு.”

ஐம்பத்தொன்பது வயதுக்காரனின் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததே இல்லை. நான் ஏதோ உளறிக் காரியத்தைக் கெடுக்கிறேன் என்று நினைத்துவிட்டான். ஒரு நொடிதான். உடனே பெரிதாகச் சிரித்தான்.

“பாத்தீங்களாம்மா? சார் எப்பவும் இப்படித்தான். ஆபீஸ்ல பியூனக்கூட அண்ணான்னுதான் கூப்புடுவாரு. அப்படி ஒரு மனசு அவருக்கு.”

சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தான். விடுடா, நான் பாத்துக்கறேன் என்கிற பார்வை. சின்ன வயதில் நான் ஏதாவது உடைத்துவிட்டு நிற்கும்போது அப்பாவுக்கு முன்னால் பார்ப்பானே, அதே பார்வை. காக்கிக் காலருக்குள்ளிருந்து வெள்ளைக் காலர் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மாவும் அதைப் பார்த்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

இல்லம்மா, நிஜமாவே அண்ணன்தான் என்று இன்னும் ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அவ்வளவுதான் பாக்கி. நான் அவன் காலரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு சாவியைக் கையில் எடுத்தார்.

“சரி. சாவிய யார்கிட்ட குடுக்கட்டும்?”

“சார்கிட்டயே குடுங்கம்மா” என்றான் அண்ணன், படிக்குக் கீழே நின்றபடி.

நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.